ஆறாம் தேதிப் பௌர்ணமி

அடி அண்ணாமலையில் மாதக் கணக்கு பௌர்ணமியில் தொடங்கிப் பௌர்ணமியில் முடியும். ஒன்றாம் தேதி, ஐந்தாம் தேதி என்கிற சமாசாரமெல்லாம் வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் வாசலோடு சரி. மாதச் சம்பளக்காரர்களுக்கு அது தேவைப்படும். மலை சுற்றும் பாதையோரம் வீடும் கடையும் வைத்துப் பிழைப்பவர்கள் காசைக் கண்ணால் பார்ப்பது, ஜனம் திரண்டு வந்து மலையைச் சுற்றுகிற மாதத்தில் ஒரு ராத்திரிதான். அதனால் பால்காரருக்குக் கணக்குத் தீர்ப்பது, சீட்டுப் பணம் கொடுப்பது, அறுந்த செருப்புக்குப் பதில் புதுச் செருப்பு எடுப்பது, எல்லாமே 'பௌர்ணமி கழிச்சு'. மளிகைக்கடை ராஜமாணிக்கம் கடன் கொடுப்பதையே நிலாவைப் பார்த்துத்தான் கொடுப்பார். அமாவாசை வாரத்தில் கால் கிலோ துவரம்பருப்புக்கு முகத்தைத் திருப்பிக்கொள்கிற மனிதர், நிலா வளர வளர மனசு இளகி, பௌர்ணமிக்கு முந்தின நாள் எண்ணெய் டின்னையே எடுத்துப் போகச் சொல்வார்.

மணிமொழிக்கு இந்தக் கணக்கு தண்ணீர்பட்ட பாடு. கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் வேர்க்கடலை விவசாயம் செய்கிற குடும்பத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள் அவள். வந்த ஆறு மாதத்தில் நிலாவோடு சேர்ந்து குடித்தனம் நடத்தக் கற்றுக்கொண்டுவிட்டாள். பௌர்ணமி முடிந்த வாரம் அவள் வீட்டில் முருங்கைக்காய் சாம்பாரும் முட்டையும் இருக்கும். தேய்பிறை பாதியில் முட்டை நின்றுவிடும். அமாவாசைக்கு ரசமும் துவையலும். மறுபடி நிலா முளைத்து ராஜமாணிக்கம் கடையில் கடனும் முளைத்தால் குழம்பில் காய் தென்படும். மகள் கவிநிலா பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். ஒரு நோட்டு வேண்டுமென்றால்கூட வானத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் அம்மாவிடம் கேட்பாள்.

வீடு கட்டியது மணிமொழியின் யோசனை. மாமனார் விட்டுப்போன இரண்டு சென்ட்டில் ஓர் ஓட்டு வீடு இருந்தது. ஆந்திராவிலிருந்து பௌர்ணமிக்கு வருகிறவர்கள் வாசலில் நின்று, "பாத்ரூம் அட்டாச்சா?" என்று கேட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவதைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு வயிறெரிந்தது. வீட்டுக்கடன் கம்பெனி ஒன்றில் பன்னிரண்டு லட்சம் வாங்கி, பாத்ரூம் வைத்த இரண்டு ரூமும் ஒரு ஹாலும் கட்டினார்கள். பௌர்ணமி அன்றைக்கு ரூமும் ஹாலும் வாடகைக்குப் போகும். மூன்று பேரும் சமையலறையில் ஒண்டிக்கொள்வார்கள்.

"வூடே அதோட கடனைக் கட்டிக்கும் பாருங்க," என்று கணவன் கோபியிடம் சொன்னாள். கோபி ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். எதற்கும் மறுப்புச் சொல்ல மாட்டான். ஆமாம் என்று சொல்லிவிட்டு மறந்துபோகிற ஆள்.

தப்பு நடந்தது கடன் வாங்கிய அன்றைக்கே. கம்பெனி ஆபீசில் விண்ணப்பம் எழுதிய இளஞ்செழியன், சின்ன வயசு, அவனும் கீழ்பென்னாத்தூர்க்காரன்தான், கடைசி வரிக்கு வந்ததும் பேனாவை நிறுத்திக் கேட்டான்.

"மாசாமாசம் பேங்க்ல எந்தத் தேதில புடிக்கட்டும்க்கா? அஞ்சா, பத்தா, பதினஞ்சா?"

மணிமொழி சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தாள். அந்த மாதம் பௌர்ணமி மூன்றாம் தேதி. ஒரு ராத்திரி ஜனம் நடந்து முடிக்கும், மறுநாள் காசை எண்ணிப் பேங்கில் போட்டால் அதற்கடுத்த நாள் தவணை. கைக்கு வந்த காசு கைச்சூடு ஆறுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடும். கடவுளே பார்த்துப் போட்ட தேதி மாதிரி இருந்தது.

"அஞ்சுன்னு போடுங்க சார்," என்றாள். அவள் பெருமையாகச் சொன்னாள், அவன் எழுதிக்கொண்டான்.

நிலா இங்கிலீஷ் மாதத்துக்குக் கட்டுப்பட்டதில்லை என்பது அந்த இரண்டு பேருக்கும் தெரியாததா? பிறந்ததிலிருந்து பார்த்து வருவதுதான். பௌர்ணமி ஒவ்வொரு மாதமும் ஒரு நாள் முன்னால் நகர்ந்துவிடும். ஆனால் நிலாவே மாதமாக இருக்கிற ஊரில் நிலா நகர்வது யார் கண்ணிலும் படாது. அஞ்சாம் தேதிதான் தங்களை விட்டு விலகிப் போவதாக அவர்களுக்குத் தோன்றும். மணிமொழிக்கும் அப்படித்தான் தோன்றியது. முதல் வருஷத்தில் பணம் வந்து நாலு நாள், ஒரு வாரம், பத்து நாள் என்று வீட்டில் காத்துக் கிடக்க வேண்டியிருந்தது. இரண்டாம் வருஷம் பாதி மாதத்துக்கு மேல் காத்துக் கிடந்தது.

காசு சும்மா கிடக்குமா? பௌர்ணமிக்கு மறுநாள் யார் வீட்டில் காசு இருக்கிறது என்பது ஊருக்கே தெரியும். விடிந்ததும் பால்காரர் வருவார், சீட்டுக்காரம்மா வருவாள், ராஜமாணிக்கம் கடைப் பையன் எட்டிப் பார்ப்பான். பேங்கில் போட்டாலும் ஆட்டோவுக்கு டயர் என்று கோபி கார்டைத் தேய்த்துவிடுவான். ஒவ்வொரு மாதமும் அஞ்சாம் தேதி நெருங்கும்போது மணிமொழி இங்கே பிய்த்து அங்கே ஒட்டி எப்படியோ கரையேறிக்கொண்டிருந்தாள்.

ஆனி மாதப் பௌர்ணமியில் அவளுக்கு ஒரு யோசனை தோன்றியது. மறுநாள் காலையில், ஊர் வந்து வாசலில் நிற்பதற்குள், பதினாலாயிரத்து எண்ணூற்று ஐம்பது ரூபாயை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு நேரே கம்பெனி ஆபீசுக்குப் போய் அடுத்த மாதத் தவணை என்று கட்டிவிட்டாள். கவுண்டரில் இருந்த பெண் ரசீது கொடுத்தாள். அந்த மாதம் முழுக்க மணிமொழி நிம்மதியாகத் தூங்கினாள். வீடு கட்டிய பிறகு அவள் அப்படித் தூங்கியது அந்த மாதம் மட்டும்தான்.

அஞ்சாம் தேதி தவணை, பேங்கில் பணம் இல்லை என்று திரும்பிவிட்டது. ஓடிப்போய் ரசீதைக் காட்டினாள்.

"நீங்க முன்னாடியே கட்னது அசல்ல கழிஞ்சிடும்மா," என்றாள் கவுண்டர் பெண். "தவணை தனி. அது அந்தத் தேதிலதான் புடிக்கும்."

"அப்ப நான் கட்னது?"

"கடன்ல கொறஞ்சிருக்குதே. நல்லதுதானே."

நல்லதுதான். கடன் முடிகிற கடைசி வருஷத்தில் ஒருநாள் அது அவளுக்கு நல்லது செய்யும். இப்போதைக்கு முழுத்தவணை கட்டியவள் தவணை தப்பியவள் ஆகிவிட்டாள். அடுத்த பௌர்ணமிப் பணத்தை ஆட்டோ எஞ்சின் தின்றது. இரண்டாவது தவணையும் தப்பியது. ஆவணிப் பௌர்ணமிக்கு மழை பிடித்துக்கொண்டு ஒரு ரூம் காலியாகவே கிடந்தது.

இரண்டு தவணை தப்பியதும் இளஞ்செழியன் வீட்டுக்கு வந்தான். உள்ளே வரவில்லை. பாதையைப் பார்த்த வெளிச்சுவரின் முன்னால் நின்று அதன் நீள அகலத்தைப் பார்த்தான். எதற்கு என்று மணிமொழிக்குத் தெரியும். மூன்றாவது தவணையும் தப்பினால் கம்பெனிக்காரர்கள் சுவரில் எழுதிவிடுவார்கள். இந்த வீடு அடமானத்தில் இருக்கிறது என்று ஆளுயர எழுத்தில் எழுதுவார்கள். நாலு வீடு தள்ளி மணிவேல் வீட்டில் போன வருஷம் அப்படி எழுதினார்கள். லட்சம் பேர் நடக்கிற பாதை. படித்துவிட்டு எவன் உள்ளே வந்து தங்குவான்? ஆறே மாதத்தில் வீட்டை வெளியூர்க்காரர் ஒருவருக்குத் தள்ளிவிட்டு, மணிவேல் குடும்பத்தோடு ஓசூருக்குப் போய்விட்டார். எழுத்து விழுந்தால் வாடகை போகும், வாடகை போனால் வீடு போகும். இது மணிமொழிக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டிய கணக்கு இல்லை.

புரட்டாசிப் பௌர்ணமி எந்தத் தேதி என்று பார்த்தபோது அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆறாம் தேதி. தவணை அஞ்சாம் தேதி. இரண்டு வருஷமாக முன்னால் முன்னால் ஓடிய நிலா, ஊரெல்லாம் சுற்றிவிட்டு, சரியாக ஒரு நாள் தாமதமாக வந்து நிற்கிறது. அவள் கம்பெனி ஆபீசுக்குப் போனாள்.

"ஒரே ஒரு நாள் பொறுங்க சார். ஆறாம் தேதி பௌர்ணமி. ஏழாம் தேதி நீங்க ஆபீஸ் தொறக்கறப்ப நான் வாசல்ல நிப்பேன்."

இளஞ்செழியன் கம்ப்யூட்டரைப் பார்த்தபடி பேசினான். "நான் பொறுக்கறதுல இன்னாக்கா இருக்குது? அஞ்சாம் தேதி விடியறப்போ தானா பேங்க்குக்குப் போவும். காசு இல்லன்னா மூணு தவணை தப்பினவங்க லிஸ்ட்டு தானா மேலாபீசுக்குப் போயிடும். லிஸ்ட்ல பேர் வந்துட்டா மறுநாளே செவுத்துல எழுத ஆள் வந்துடுவான்."

"தேதியையாவது மாத்திக் குடுங்க. பத்துன்னு போடுங்க."

"பாக்கி இருக்கறப்போ தேதி மாத்த முடியாதுக்கா. பாக்கி இல்லாதவங்களுக்குத்தான் மாத்துவாங்க."

"பாக்கி இல்லாதவங்களுக்கு எதுக்கு சார் தேதி மாத்தணும்?"

அவன் அடுத்த ஃபைலை எடுத்துப் பிரித்தான். அவனும் யாருக்கோ கணக்குச் சொல்ல வேண்டியவன். அவள் எழுந்தபோது மட்டும் குரலைத் தாழ்த்திச் சொன்னான். "எப்பிடியாவது பேங்க் கணக்குல போட்டுடுங்கக்கா. அஞ்சாம் தேதி காலைல காசு இருந்தா போதும். ஒருத்தரும் வர மாட்டாங்க."

அன்றிலிருந்து மணிமொழி ஒரு வேலைதான் பார்த்தாள். அஞ்சாம் தேதிக்கு முன்னால் பணம். கோபி ஆட்டோ ஸ்டாண்டில் மூவாயிரம் புரட்டினான். சிலிண்டர் புக் பண்ண வைத்திருந்த காசு போனது. அதற்கப்புறம் மூன்று வேளையும் வெளியே விறகில்தான் சமையல். நிலா வளர்ந்துவிட்டிருந்ததால் ராஜமாணிக்கம் முகம் சுளிக்காமல் இரண்டாயிரம் கொடுத்தார். சாப்பிடுகிற தட்டு நாலைத் தவிர எவர்சில்வர் பாத்திரங்கள் எல்லாம் பழைய பாத்திரக்கடைக்குப் போயின. அப்புறமும் போதவில்லை.

கவிநிலா தானாகவே வந்து நின்றாள். பள்ளிக்கூடத்தில் பரீட்சைக்கும் டியூஷனுக்கும் சேர்த்துக் கட்டச் சொன்ன பணம் அவள் கையில் இருந்தது.

"இத எடுத்துக்கம்மா. பீஸுக்கு மிஸ் கிட்ட டைம் கேட்டுக்கறேன்."

"வேணாம்டி. நீ கட்டு."

"செவுத்துல எழுதிட்டா நான் எப்பிடிம்மா அந்த வழியா ஸ்கூலுக்குப் போறது?"

மணிமொழி வாங்கிக்கொண்டாள். வாங்கின கை கூசியது. இன்னும் ஐயாயிரம் குறைந்தது.

ஐயாயிரத்துக்கு ஒரு வழி இருந்தது. அதை அவள் கடைசி வரை தள்ளிப்போட்டாள். நெல்லூரிலிருந்து சந்திரகலா என்கிற அம்மா, வீடு கட்டிய நாளிலிருந்து ஒரு பௌர்ணமி விடாமல் தங்கை, நாத்தனார், பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று எட்டுப் பத்துப் பேரோடு வேனில் வருவார். பின் ரூமும் ஹாலும் எப்போதும் அவர்களுக்குத்தான். ஐம்பது வயசு இருக்கும். கை நிறைய வளையல், வாய் நிறையப் பேச்சு. பாதையோரச் சுவர்களில் சிவன் பெயரை எழுதி வைத்திருக்கும் இடமெல்லாம் நின்று தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் நடப்பார். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. சாமி சொவத்தில் சாமி பேர்தானே இருக்கும் என்பார்.

மணிமொழி தொழிலில் ஒரு முறை வைத்திருந்தாள். நடக்கக் கிளம்புகிறவர்களிடம் காசுப் பேச்சு எடுக்க மாட்டாள். வெறுங்காலோடு மலையைச் சுற்றிவிட்டு வந்து உட்காருவார்கள். ஆளுக்கொரு டப்பில் கல்லுப்புப் போட்ட வெந்நீர் வைப்பாள். காலை விட்டுக்கொண்டு கண்ணை மூடுவார்கள். அதற்கப்புறம் அவர்களாகக் கொடுப்பதுதான் வாடகை. சாமியைச் சுற்றப் போகிறவர்கள் மனசில் காசு நினைப்பை ஏற்றி அனுப்பக் கூடாது என்று அவள் நினைத்தாள். அதனாலேயே ஜனங்கள் அவள் வீட்டைத் தேடி வந்தார்கள்.

மூன்றாம் தேதி அந்த முறையை அவளே உடைத்தாள். சந்திரகலாவுக்குப் போன் செய்தாள். நலம் விசாரித்தாள், வேன் எத்தனை மணிக்கு என்று கேட்டாள். பேச்சு நாக்கு நுனியில் வந்து வந்து திரும்பியது.

"அக்கா, இந்த வாட்டி வாடகைய முன்னாடியே அனுப்ப முடியுமாக்கா? ஐயாயிரம்."

"முன்னாடியேவா? எதுக்கு மணி?"

தவணைக்கு என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. கடனில் இருக்கிற வீட்டில் யார் தங்குவார்கள்? "பொண்ணுக்குப் பீஸ் கட்டணும்க்கா. நாளைக்குள்ள கட்டலன்னா பரீட்சை எழுத விட மாட்டாங்களாம்," என்றாள்.

"பாப்பாக்கா? சரி மணி. அனுப்பறேன்."

கொஞ்ச நேரத்தில் கவிநிலாவின் போனில் பணம் வந்துவிட்டது. ஐயாயிரம் முழுசாக. மணிமொழிக்கு நிம்மதியோடு ஒரு கோபமும் வந்தது. நாம் ஒரு மாதமாக நாயாய் அலைகிறோம், இவர்களுக்குப் போன் பேசி முடிப்பதற்குள் ஐயாயிரம் எடுத்து வீச முடிகிறது. கோபப்படுவது நியாயமில்லை என்று அவளுக்கே தெரியும். ஆனாலும் வந்தது.

நாலாம் தேதி சாயங்காலம் கணக்கில் பதினாலாயிரத்துத் தொள்ளாயிரம் இருந்தது. தவணைக்கு மேல் ஐம்பது ரூபாய். கவிநிலா போனைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். கோபி கார்டைத் தன் சட்டைப் பையிலிருந்து எடுத்து அவள் கையிலேயே கொடுத்துவிட்டான். அன்று பாதையோரத்தில் நின்று மலையைப் பார்த்துக் கும்பிட்டாள். சுவரையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். இளம்பச்சை பெயிண்ட், ஒரு பொட்டு அழுக்கு இல்லை.

அஞ்சாம் தேதி விடிந்ததும் இரண்டு செய்தி வந்தது. கவிநிலா முதலாவதைப் படித்தாள். முந்தின இரண்டு தவணை திரும்பியதற்கு பேங்க் போட்ட அபராதம், வரியோடு சேர்த்து ஆயிரத்து நூற்று எண்பது ரூபாய், கணக்கில் பணம் வந்ததால் எடுத்துக்கொள்ளப்பட்டது. இரண்டாவதைப் படிக்கவே வேண்டியதில்லை. தவணைக்குப் பணம் போதவில்லை, திருப்பி அனுப்பப்பட்டது, அதற்கு இன்னோர் அபராதம்.

இரண்டு மாதமாகக் கணக்கில் காசே இல்லாததால் பேங்க் சும்மா இருந்தது. காசைப் பார்த்ததும் தன் பங்கை முதலில் எடுத்துக்கொண்டது. இது யாருக்குத் தெரியும்? பௌர்ணமிக்கு மறுநாள் வாசலில் நிற்கிற பால்காரராவது வந்து நின்று கேட்பார், இல்லை என்றால் திட்டிவிட்டாவது போவார். இது கேட்காமல் கதவைத் திறக்காமல் உள்ளே வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டது.

மணிமொழி சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகைகூட வரவில்லை. கோபி போனை வாங்கி இளஞ்செழியனுக்குப் பேசினான். கவிநிலாவின் பரீட்சைப் பணம், சிலிண்டர், பாத்திரம், எல்லாவற்றையும் சொன்னான். கோபி அவ்வளவு நேரம் பேசி அவள் கேட்டதில்லை.

"லிஸ்ட்டு போயிடுச்சாம்," என்று போனை வைத்தான். "மிச்சத்த ரொக்கமா கொண்டாந்து கட்னாலும் இன்னிக்குப் பேர எடுக்க முடியாதாம்."

ஆறாம் தேதி காலை பத்து மணிக்கு ஆள் வந்துவிட்டான். மொபெட்டில் பெயிண்ட் டப்பா, எழுத்து வெட்டிய தகரம். பாதையில் அதற்குள் கூட்டம் நடக்க ஆரம்பித்திருந்தது. கடைகளில் ஒலிபெருக்கி, மோர்ப் பந்தல், கரும்புச்சாறு வண்டி.

"நாளைக்கு எழுதுங்கண்ணா," என்றாள் மணிமொழி. "இன்னிக்குப் பௌர்ணமி. இன்னிக்கு ஒரு நாள் வுடுங்க. நாளைக்கு நானே உங்களுக்குப் பெயிண்ட்ட புடிச்சிக்கறேன்."

"எனக்கும்தாம்மா பௌர்ணமி," என்றான் அவன். "சாயந்திரம் நானும் சுத்தணும். பத்து வூடு இருக்குது இன்னிக்கு." தகரத்தைச் சுவரில் வைத்து அழுத்தினான். கெட்ட மனுஷன் இல்லை. ஒழுகின பெயிண்டை அவள் வாசலில் சொட்டாமல் துணியால் துடைத்துக்கொண்டே எழுதினான். முடித்ததும் போனில் படம் எடுத்து அனுப்பிவிட்டுக் கிளம்பினான். 'இந்த வீடு கடனுக்கு அடமானத்தில் உள்ளது. யாரும் வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ வேண்டாம்' என்று சுவர் முழுக்கச் சிவப்பாக நின்றது.

மணிமொழி பெரிய போர்வை ஒன்றைச் சுவர்மேல் தொங்கவிட்டு, காயப்போட்டது மாதிரி மேலே கல் வைத்தாள். போர்வையின் உள்பக்கம் அங்கங்கே சிவப்பு ஒட்டிக்கொண்டது. முன் ரூமுக்குக் காஞ்சிபுரத்துக் குடும்பம் வர வேண்டும். வந்தார்கள். காரைச் சுவரோடு ஒட்டி நிறுத்த இடம் பார்த்த பெரியவர், போர்வையை ஒதுக்கிவிட்டு ஒரு நிமிஷம் நின்றார். முழுசாகப் படித்தார். பிறகு காருக்குத் திரும்பி மனைவியிடம் என்னவோ சொன்னார்.

"தப்பா எடுத்துக்காதம்மா," என்றார் மணிமொழியிடம். "ராத்திரி யாராச்சும் வந்து காலி பண்ணச் சொன்னா, வயசானவங்கள வெச்சிக்கினு நாங்க எங்க போறது?"

"யாரும் வர மாட்டாங்கய்யா."

"இல்லம்மா, வேணாம்." அவர் நூறு ரூபாய் நோட்டு ஒன்றை நீட்டினார். அவள் வாங்கவில்லை. கார் பின்னால் நகர்ந்து போய்விட்டது. மணிமொழி போர்வையை எடுத்துவிட்டாள். யாருக்கு ஒளிக்கிறது? ஊருக்கே தெரிந்தாயிற்று. எதிர்க்கடைக்காரர் அவள் பக்கம் பார்க்காமல் இருப்பதற்காகவே தேங்காயை அடுக்கிக் கலைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். செத்துப் போய்விடலாம் போல இருந்தது அவளுக்கு. உள்ளே போய் வெந்நீருக்கு அடுப்பு மூட்டினாள். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

பாதையில் வண்டிகள் வராமல் போலீஸ் தடுப்பு போடுவதற்குள் நெல்லூர் வேன் வந்துவிட்டது. சந்திரகலா முதலில் இறங்கினார். இறங்கியதும் கண்ணில் பட்டது சுவர்தான். போன மாதம் வெறும் சுவராக இருந்த இடத்தில் இப்போது ஆளுயர எழுத்து. அவர் முகம் மலர்ந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, சுவர் ஓரமாகப் போய், எழுத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"அக்கா, வேணாம்," என்று மணிமொழி ஓடி வருவதற்குள் மறுபடி ஒருமுறை தொட்டுவிட்டார். பெயிண்ட் இன்னும் காயவில்லை. விரல் நுனியிலும் இமை மேலும் சிவப்பு ஒட்டிக்கொண்டது. பின்னாலேயே தங்கைக்காரியும் தொடப் போனாள். மணிமொழி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சந்திரகலா விரலைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். "ஏமி ராசாரு மணி? என்ன எழுதிருக்கு?"

அருணாசலம் என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார். அந்த இமை மேல் இருந்த சிவப்பைப் பார்த்துக்கொண்டு மணிமொழியால் சொல்ல முடியவில்லை. இத்தனை வருஷம் தெலுங்குக்காரர்களோடு பழகியதில் அந்த ஒரு சொல் அவளுக்குத் தெரியும்.

"அப்பு, அக்கா," என்றாள். "வூட்டு மேல அப்பு. கடன். கட்டலன்னு எழுதிட்டாங்க."

காஞ்சிபுரத்துக்காரர் மாதிரி இவரும் வேனில் ஏறிவிடுவார் என்று காத்து நின்றாள். சந்திரகலா ஏறவில்லை. சுவரில் எழுத்து இல்லாத ஓர் இடத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"மா இல்லு மேலகூட இருக்கு," என்றார். "எங்க வீட்டு மேலயும். உனுக்கு தெரியாதா? எதுக்கு மாசாமாசம் வந்து சுத்தறேன்னு நெனச்சே? அந்த அப்பு தீரணும்னுதான்." வளையலை லேசாக ஆட்டிக் காட்டினார். "இது எல்லாம் கவரிங்."

மணிமொழி அந்த வளையல்களையே பார்த்தாள்.

"மாக்கும் அஞ்சாம் தேதிதான் கட்டணும்," என்று சந்திரகலா சொல்லிக்கொண்டே போனார். "எடுத்து வெச்சிருந்தேன். வாடகைக் காசு எல்லாரும் வேன் ஏறறப்போதான் தருவாங்க. நீ போன் பண்ணே. பாப்பா படிப்புன்னு சொன்னே. வீடு ஒரு மாசம் நிக்கும், பரீட்சை நிக்காதுல்லன்னு அனுப்பிட்டேன். பர்வாலேது, பரவாயில்ல. ஊருக்குப் போய் அவங்க கால்ல விழுந்து கேக்கறேன்." பிறகு நினைவு வந்தவராகத் திரும்பினார். "பாப்பா பீஸ் கட்டிட்டியா?"

மணிமொழி நின்ற இடத்திலேயே நின்றாள். நெல்லூரில் ஒரு வீட்டின் தவணையை வாங்கி இங்கே ஒரு பேங்கின் அபராதத்துக்குக் கொடுத்திருக்கிறாள். இரண்டு வீடும் நிற்கவில்லை. அதைத் தமிழில் சொல்லவே அவளிடம் வார்த்தை இல்லை, தெலுங்கில் எங்கே இருக்கும்? சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தாள்.

கவிநிலா உள்ளேயிருந்து டப்புகளை அடுக்கி எடுத்துக்கொண்டு வந்தவள் வாசற்படியிலேயே நின்றிருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது. அம்மாவின் முகத்தை ஒரு தடவை பார்த்தாள்.

"கட்டியாச்சு ஆன்ட்டி," என்றாள்.

சந்திரகலா நிறைவாகத் தலையை ஆட்டினார். பெயிண்ட் ஒட்டிய விரலை முந்தானையில் துடைத்துவிட்டு, மறு கையால் கவிநிலாவின் கன்னத்தைத் தடவிக்கொடுத்தார். நடக்கக் கிளம்புவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் படுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார்.